பங்காளிச் சண்டையா, பந்தயமா? ஒரே அணியில் ஓடும் இரண்டு பேரைப் பற்றி

பத்தாம்நிரை (பந்திங்):

மாமாக் கடையில் தொடங்கிய சண்டை அங்கே முடியவில்லை, அதனால் இங்கே கொண்டுவந்து போடுகிறேன். டிசம்பர் 7, அபுதாபி, 2025இன் கடைசி ஃபார்முலா 1 கார்ப் பந்தயம், நம் நேரத்துக்கு இரவு 9 மணி. எங்கள் மேசையில் ஏழு பேர், எல்லோரும் ஒரே தோட்டத்தில் பிறந்தவர்கள், இப்போது தோட்டத்தில் யாரும் இல்லை. வெர்ஸ்டாப்பன் முதலாவது, பியாஸ்ட்ரி இரண்டாவது, நோரிஸ் மூன்றாவது. மொத்தக் கணக்கில் நோரிஸ் 423, வெர்ஸ்டாப்பன் 421, பியாஸ்ட்ரி 410. உலகப் பட்டம் நோரிஸுக்கு, அதுவும் இரண்டே இரண்டு புள்ளியில்.

அவ்வளவுதான், மேசை இரண்டாகப் பிரிந்தது. நோரிஸும் பியாஸ்ட்ரியும் ஓட்டிய மெக்லாரன் அணி ஆரம்பத்திலேயே ஒருவரை முதலாள் என்று வைத்திருந்தால் இப்படி மூச்சுமுட்டக் கடைசிப் பந்தயம்வரை வந்திருக்காது என்று ஒரு பக்கம். அந்த வருடம் இத்தாலியின் மோன்சாவில் நோரிஸின் டயர் மாற்றத்தை அணியே தாமதமாக்கிவிட்டு, அந்த இடத்தைத் திருப்பிக்கொடு என்று பியாஸ்ட்ரியிடம் கேட்டது அநியாயம் என்று இன்னொரு பக்கம். தெ தாரிக் ஆறிப்போனது, யாரும் யாரையும் ஒத்துக்கொள்ளவில்லை.

நான் அங்கே சரியாகச் சொல்ல முடியாமல் போனதை இங்கே சொல்கிறேன். ஒரே அணியில் இருப்பவனை முந்துவது தப்பே இல்லை. முந்தத்தான் வண்டியில் ஏறுகிறான். ஆனால் சரி என்று ஒத்துக்கொண்டுவிட்டு அப்புறம் முந்துவது தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, இரண்டு பேரிடமும் இரண்டு விதமாகப் பேசும் அணியுடையது.

இதை நான் நம் மலேசியாவின் செப்பாங் தடத்தில் கண்ணால் பார்த்தேன். 2013 மார்ச் 24, மேட்டில் புல்தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். மழை பெய்து ஓய்ந்த தடத்தில்தான் பந்தயம் தொடங்கியது. ரெட் புல் அணியின் வெட்டல் முதலிடத்திலிருந்து கிளம்பினார், ஆனால் காய்ந்த தடத்துக்கான டயருக்கு மாற 5ஆவது சுற்றிலேயே அவசரப்பட்டு, டயர் மாற்றும் இடமான பிட்டுக்குள் போனார், தடம் இன்னும் காயவில்லை. அதே அணியின் வெப்பர் இரண்டு சுற்று பொறுத்துப் போய் முன்னுக்கு வந்துவிட்டார். அதன்பிறகு பந்தயம் முழுக்க வெப்பர் முன்னால், வெட்டல் பின்னால். கடைசி டயர் மாற்றம் முடிந்ததும் ரெட் புல் இருவருக்கும் செய்தி அனுப்பியது: மல்ட்டி 21. வெப்பரின் வண்டி எண் 2, வெட்டலின் எண் 1. இரண்டு முன்னால், ஒன்று பின்னால், இப்படியே முடியுங்கள் என்று அர்த்தம். வெப்பர் அதை நம்பி எஞ்சினின் வேகத்தைக் குறைத்துக்கொண்டார். வெட்டல் குறைக்கவில்லை. 46ஆவது சுற்றில், பிட் சுவரை உரசுகிற மாதிரி நெருக்கிப் போய் முந்தினார்.

மேட்டில் இருந்த எங்களுக்கு ரேடியோ எதுவும் கேட்காது. நாங்கள் எழுந்து நின்று கத்தினோம், கைதட்டினோம். என் வாழ்க்கையில் பார்த்த நல்ல மோதல் அது என்று அப்போது நினைத்தேன். பிறகு மேடையில் வெப்பர் முகத்தைப் பெரிய திரையில் காட்டினார்கள். வெற்றி மேடையில் நிற்கிற முகமே இல்லை. வீடு திரும்பும் வழியில் கைப்பேசியில்தான் விஷயம் தெரிந்தது. மேடைக்குப் போகுமுன் அந்த அறையில் "மல்ட்டி 21, செப்" என்று வெப்பர் வெட்டலிடம் சொன்னதை உலகமே கேட்டிருக்கிறது. கைதட்டியதை நினைத்து எனக்கு அன்றிரவு ஒரு மாதிரி இருந்தது.

அதே நாள், அதே தடம், மெர்சிடிஸ் அணியிலும் இதே கதை. ஹாமில்டன் எரிபொருள் மிச்சம் பிடித்துக்கொண்டு மெதுவாக ஓடினார், பின்னால் நிக்கோ ரோஸ்பெர்க் வேகமாக வந்தார். அணித் தலைவர் ரோஸ் பிரோன் பின்னாலேயே இரு என்றார். ரோஸ்பெர்க் இருந்தார். நான்காவதாக முடித்துவிட்டு, இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்று ரேடியோவில் சொன்னார். மேடையில் நின்ற ஹாமில்டனே, இந்த இடம் நிக்கோவுடையது என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். ஒரே மாலையில் ஒருவர் சொல்லைக் காத்தார், ஒருவர் உடைத்தார். உங்களுக்கு யார் பெரியவர்?

ஈரடயர் (கிள்ளான்):

அண்ணே, மதிப்போடுதான் மறுக்கிறேன். நீங்கள் வெப்பரைப் பாவம் மாதிரிக் காட்டுகிறீர்கள். 2011 சில்வர்ஸ்டோனில் என்ன நடந்தது? வெட்டலுக்குப் பின்னால் இடைவெளி விட்டு வா என்று அணி திரும்பத் திரும்பச் சொல்லியும் கேட்காமல் கடைசிச் சுற்றுவரை முட்டினாரே, முடிந்தபின் அதை மறைக்கவும் இல்லையே. 2012 பிரேசிலில் வெட்டல் உலகப் பட்டத்துக்காக ஓடுகிற நாளில், தொடக்கத்திலேயே சுவர்ப் பக்கம் நெருக்கியவரும் அவர்தான். அப்படிப்பட்டவருக்கு மட்டும் சொல் காக்கப்பட வேண்டுமா? வெட்டல் அடுத்த பந்தயத்துக்குச் சீனாவுக்குப் போனபோது அதைத்தான் வெளிப்படையாகச் சொன்னார், வெப்பர் அதற்குத் தகுதியானவர் இல்லை, மறுபடி அப்படி வந்தாலும் அதையேதான் செய்வேன் போலிருக்கிறது என்று. எனக்கு அந்த நேர்மை பிடித்திருக்கிறது.

இன்னொன்று. நாம் டிக்கெட் வாங்கிப் போவது பந்தயம் பார்க்க. 46ஆவது சுற்றில் எல்லாரும் வரிசையாக ஊர்ந்து போனால் அதற்குப் பெயர் ஊர்வலம். நீங்கள் கைதட்டியதில் ஒரு தப்பும் இல்லை அண்ணே.

கிராணிமகள் (பந்திங்):

ஈரடயர் தம்பி சொன்ன விவரம் சரி, ஆனால் அணி ஏன் அப்படிக் கட்டளை போடுகிறது என்பதை யாரும் சொல்லவில்லை.

ஓட்டுநருக்கு ஒரு பட்டம், அணிக்கு ஒரு பட்டம். அணிப் பட்டத்துக்கு இரண்டு வண்டியின் புள்ளியையும் கூட்டுவார்கள், வருடக் கடைசியில் பரிசுப் பணம் பிரிப்பது அந்த வரிசையைப் பார்த்து. முதலாவதுக்கு 25, இரண்டாவதுக்கு 18, யார் முன்னால் போனாலும் அணிக்கு 43தான். ஆனால் இருவரும் மோதி நின்றுபோனால் சுழியம். ரெட் புல்லுக்கு இது ஏட்டுக் கணக்கு இல்லை. 2010 துருக்கியில் இதே வெப்பரும் வெட்டலும் முதல் இரண்டு இடத்தில் ஓடும்போது மோதி, வெட்டல் வெளியேறி, வெப்பர் மூன்றாவதுக்கு இறங்கி, மெக்லாரன் வந்து முதல் இரண்டையும் அள்ளிக்கொண்டு போனது. அந்தச் சூடு பட்ட அணி 2013இல் பயந்தது.

நம் ஆட்கள் பலர் நினைப்பதுபோல் ரேடியோவில் சொன்னால்தான் கட்டளை என்றும் இல்லை. யாருக்கு முதலில் டயர் மாற்றுவது என்பதே ஒரு கட்டளை. புது டயரில் ஒரு சுற்று முன்கூட்டிப் போனவன் பின்னாலிருந்தும் முன்னால் வந்துவிடுவான், அதனால் முன்னால் ஓடுகிறவனுக்கே முதல் உரிமை என்று பெரும்பாலான அணிகளில் வழக்கம். வண்டியைத் தரையோடு அழுத்தும் புதுச் சிறகு ஒன்றுதான் வந்திருக்கிறது என்றால் யார் வண்டியில் மாட்டுவது? 2010 சில்வர்ஸ்டோனில் வெப்பர் வண்டியிலிருந்து முன் சிறகைக் கழற்றி வெட்டலுக்கு மாட்டினார்கள். வெப்பர் அந்தப் பந்தயத்தை வென்றுவிட்டு, இரண்டாம் ஆளுக்கு இது மோசமில்லை என்று ரேடியோவில் சொன்னது அதனால்தான். மல்ட்டி 21 நடந்தது ஏதோ ஒரு மாலையில் இல்லை, மூன்று வருடப் பழைய கணக்கு அது.

பத்தாம்நிரை (பந்திங்):

அக்கா சொன்ன சிறகு விஷயத்தை நானே மறந்துவிட்டேன், நன்றி. ஈரடயர் தம்பிக்கு: சில்வர்ஸ்டோனில் வெப்பர் நான் கேட்கமாட்டேன் என்று முகத்துக்கு நேரே மோதினார், வெட்டலும் தற்காத்துக்கொண்டுதான் ஓடினார். செப்பாங்கில் ஒருவர் எஞ்சினை இறக்கியபிறகு இன்னொருவர் வந்தார். அந்த வேறுபாடுதான் எனக்கு முக்கியம். இருந்தாலும் வெப்பர் கை சுத்தம் என்று நானும் சொல்லவில்லை, அந்த இடத்தில் நீ சொல்வது சரி.

ஏன் இந்தப் போட்டி மட்டும் இவ்வளவு கசக்கிறது என்று நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். அப்பாவும் சித்தப்பாவும் பக்கத்துப் பக்கத்து நிரையில் பால் மரம் வெட்டியவர்கள். மத்தியானம் பால் நிறுக்கும்போது அப்பா வேறு டிவிஷன் ஆள் எவ்வளவு கொண்டுவந்தான் என்று கேட்கவே மாட்டார். அங்கே மரம் வேறு, வயசு வேறு, மேடு பள்ளம் வேறு. சித்தப்பா வாளியைத்தான் ஓரக்கண்ணால் பார்ப்பார். மரம் ஒன்று, மழை ஒன்று, கத்திதான் வேறு. பந்தயத்திலும் அப்படித்தான். ஃபெராரிக்காரன் முந்திப் போனால் வண்டி நல்ல வண்டி என்று சொல்லித் தப்பிக்கலாம். பக்கத்துக் கொட்டகையில் அதே வண்டியில் ஏறியவன் அரை விநாடி முன்னால் போனால் சொல்ல ஒன்றும் கிடையாது. நம் ஊரில் பங்காளி என்ற சொல் பங்கு பிரிக்கிறவனையும் குறிக்கிறது, பகைக்கிறவனையும் குறிக்கிறது. இந்த விளையாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

கிராணிமகள் (பந்திங்):

அந்த அளவுகோல் சில பேருக்குக் கொடுமையாக அமைந்துவிடும். நம் நாட்டிலிருந்து முதன்முதலில் ஃபார்முலா 1 ஓட்டிய அலெக்ஸ் யூங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2001 மோன்சாவில் மினார்டி அணியின் வண்டியில் ஏறினார். பக்கத்து வண்டியில் யார்? ஃபெர்னாண்டோ அலோன்சோ. அடுத்த வருடம் பக்கத்தில் மார்க் வெப்பர். 2002 முதல் பந்தயத்தில் மெல்பர்னில் வெப்பர் ஐந்தாவது, யூங் ஏழாவது. அன்றைக்கு ஆறாவது வரைதான் புள்ளி. அந்த வருடம் மூன்று முறை தகுதிச் சுற்றைத் தாண்டாமல் நின்றபோது இங்கே எவ்வளவு மட்டமாகப் பேசினார்கள் என்று எனக்கு நினைவிருக்கிறது. பக்கத்து வண்டியில் இருந்த இருவரில் ஒருவர் பின்னால் இரண்டு உலகப் பட்டம் வாங்கினார், இன்னொருவர் ஒன்பது பந்தயம் வென்றார். அப்போது அது யாருக்குத் தெரியும்? மலேசியர் என்பதற்காக நான் பரிந்து பேசவில்லை, அளவுகோல் எவ்வளவு நீளம் என்று தெரியாமல் ஆளை அளந்தோம் என்கிறேன்.

நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் கதை இன்னொரு மாதிரி. 2005 இண்டியானாபோலிஸில் மிஷ்லின் டயர் போட்ட 14 வண்டிகள் முன்னோட்டச் சுற்று முடிந்ததும் உள்ளே போய்விட்டன, பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு வண்டிகள் மட்டும் ஓடின. ஆறும் மூன்று ஜோடி: இரண்டு ஃபெராரி, இரண்டு ஜோர்டான், இரண்டு மினார்டி. அந்த வரிசையிலேயே ஜோடி ஜோடியாக முடித்தார்கள். வெளியாளோடு மோத வழியே இல்லாத நாள், முழுக்க முழுக்கப் பங்காளிப் பந்தயம். ஜோர்டானில் மொன்டேரோ மூன்றாவதாக வந்து மேடை ஏறினார், நரேன் நான்காவது. ஒரே ஒரு இடம். அவர் வாழ்க்கையில் அந்த வாய்ப்பு திரும்ப வரவே இல்லை.

ஈரடயர் (கிள்ளான்):

அக்கா, இது எனக்குத் தெரியாது. நான் பிறந்த வருடமே அதற்கு அப்புறம்தான். இன்றைக்கு அந்தப் பந்தயத்தைத் தேடிப் பார்க்கிறேன்.

பழைய125 (பந்திங்):

நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. ஆனால் எஞ்சினை இறக்கியபிறகு வந்தான் என்ற வரியைப் படித்ததும் கை நிற்கவில்லை.

2004இல் நானும் என் அத்தை மகனும் ஒரு மோட்டார் பட்டறைக்காகக் கப்சாய் என்ற சின்ன மோட்டார்சைக்கிள் ஓட்டினோம். கோகார்ட் தடத்தில் உள்ளூர்ப் போட்டி, கப் பிரிக்ஸ் மாதிரிப் பெரிய போட்டி எல்லாம் இல்லை, அதற்குப் போகவேண்டும் என்று கனவு கண்டவர்கள் ஓட்டுவது. இரண்டு 125இசெட், ஒரே பட்டறையில் பிரித்துப் பூட்டியது, ஒரே ஆயில், ஒரே ஸ்ப்ராக்கெட். டயர் மட்டும் எனக்கு ஒரு வாரம் பழசு. நான் ஒன்றும் கேட்கவில்லை. தவுக்கே, அதாவது பட்டறை முதலாளி, தொடங்குவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு, கடைசி இரண்டு சுற்றில் யார் முன்னால் இருக்கிறீர்களோ அப்படியே வாருங்கள், மோதி விழுந்தால் இரண்டு வண்டியும் போச்சு, அடுத்த மாதம் பூட்டக் காசு கிடையாது என்றார். நான் சரி என்றேன்.

இரண்டு சுற்று இருக்கும்போது நான் முன்னால். பின்னால் திரும்பிப் பார்த்தேன், அவன்தான், அவனுக்குப் பின்னால் நல்ல தூரம். எனக்கு நிம்மதி. கடைசி வளைவுக்கு முன்னால் நான் அகலமாக எடுத்தேன், விழக்கூடாது என்பதற்காக. அவன் உள்ளே புகுந்து போய்விட்டான். முழங்கை உரசியது. நான் விழவில்லை. கோட்டைத் தாண்டும்போது அரை வண்டி நீளம்.

முதல் பரிசு 300 வெள்ளியும் ஒரு கோப்பையும். காசு பெரிதில்லை. அந்தக் கோப்பை அவன் வீட்டு முன்னறையில், என் அத்தை வீட்டில், சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. தீபாவளிக்குப் போனால் அதைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். நான் நான்கு வருடம் போகவில்லை. ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள், ஒரே தட்டில் சோறு தின்றவர்கள். மாமா செத்தபோதுதான் பேசினேன், அதுவும் எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்க. இப்போது பேசிக்கொள்கிறோம், பிள்ளைகள் ஒன்றாக விளையாடுகிறார்கள். ஆனால் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

தம்பி ஈரடயர், நீ சொல்வது புரிகிறது, நானும் அந்த வயதில் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த வளைவில் நான் அகலமாகப் போனது அவன் வரமாட்டான் என்ற நம்பிக்கையில். வேறு எவன் பின்னால் வந்திருந்தாலும் நான் கதவைச் சாத்தியிருப்பேன்.

பத்தாம்நிரை (பந்திங்):

அண்ணே, இருபது வருடமாக ஒரே ஊரில் இருக்கிறோம், இது எனக்குத் தெரியாது.

நீங்கள் எழுதியதைப் படிக்கும்போது 1982இல் இத்தாலியின் இமோலாவில் நடந்த பந்தயம்தான் கண்முன் வந்தது. ஏப்ரல் 25. அணிகளின் சண்டையால் பாதி அணிகள் வரவில்லை, 14 வண்டிகள்தான். ரெனோ அணியின் வண்டி இரண்டும் பழுதாகி நின்றபின் ஃபெராரியின் வில்நோவும் பிரோனியும் முதல் இரண்டில். பிட் சுவரில் மெதுவாகப் போ என்று பலகை காட்டினார்கள். வில்நோவ் அதை இடத்தைக் காத்துக்கொள் என்று எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறைத்தார். பிரோனி முந்தினார், வில்நோவ் திரும்ப முந்தி மறுபடி குறைத்தார், கடைசிச் சுற்றில் பிரோனி முந்தி வென்றுவிட்டார். பிரோனியோடு இனிமேல் பேசமாட்டேன் என்றார் வில்நோவ். சரியாக 13 நாள் கழித்து, மே 8, ஸோல்டரில் தகுதிச் சுற்றில் இறந்துபோனார். பேசவே இல்லை. அதே ஆகஸ்டில் பிரோனி ஹாக்கன்ஹைமில் கால்கள் நொறுங்கி, ஃபார்முலா 1க்குத் திரும்பவே முடியவில்லை.

மெதுவாகப் போ என்ற பலகைக்கு என்ன அர்த்தம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வண்டியைக் காப்பாற்று என்பதா, இடத்தை மாற்றாதே என்பதா? பிரோனி ஒன்று நினைத்தார், வில்நோவ் ஒன்று நினைத்தார். பந்தயத்துக்கு முன்னால் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து ஒரே வாக்கியத்தில் சொல்லியிருந்தால் அப்படி ஆகியிருக்காது என்று நான் நம்புகிறேன்.

அதனால்தான் எனக்கு 1999 செப்பாங் இன்னும் இனிக்கிறது. அந்தத் தடத்தின் முதல் ஃபார்முலா 1 பந்தயம். எனக்குப் பதினான்கு வயது. ஃபெராரியின் ஷூமாக்கர் ஜூலையில் சில்வர்ஸ்டோனில் கால் முறிந்து, மூன்று மாதம் கழித்து நம் ஊரில்தான் திரும்ப வந்தார். வந்தவர் தகுதிச் சுற்றில் மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட ஒரு விநாடி முன்னால். எட்டாத வேகம். ஆனால் பட்டத்துக்கு ஓடியவர் இரண்டாம் ஆள் இர்வைன், இவர் காயப்பட்டதால் அந்த இடத்துக்கு வந்தவர். ஷூமாக்கர் வழிவிட்டார், அப்புறம் பட்டத்துக்குப் போட்டியாக இருந்த மெக்லாரனின் ஹக்கினெனைப் பின்னால் அடக்கிவைத்துக்கொண்டே ஓடினார், இர்வைன் வென்றார். எதையும் ஒளிக்கவில்லை, தடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தே நடந்தது. பந்தயம் முடிந்து வண்டியின் பக்கத் தகடு அளவு சரியில்லை என்று இரண்டு ஃபெராரியையும் நீக்கி, மேல்முறையீட்டில் திரும்பக் கொடுத்தார்கள். பட்டம் கடைசியில் ஹக்கினெனுக்குத்தான், 76க்கு 74. ஆனாலும் பெரியவன் சின்னவனுக்கு வழிவிட்டதை நான் பார்த்தேன்.

ஈரடயர் (கிள்ளான்):

அதுவும் கட்டளைதானே அண்ணே? நீங்கள் அதை ரசிக்கிறீர்கள், 2002 ஆஸ்திரியாவில் ஃபெராரியின் பரிக்கெல்லோ முடிவுக் கோட்டுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து அதே அணியின் ஷூமாக்கருக்கு விட்டதற்கு உலகமே ஊளையிட்டது. அங்கேயும் ஒப்பந்தம் இருந்தது, பரிக்கெல்லோவும் சொல்லைக் காத்தார். அப்படியென்றால் சொல் காப்பது மட்டும் போதாது, என்ன சொல் என்பதும் இருக்கிறது. அந்த ஒரு பந்தயத்தால்தான் அணிக் கட்டளையையே தடை செய்தார்கள், 2011இல்தான் தடையை எடுத்தார்கள்.

நான் பார்த்து வளர்ந்தது 2016 செப்பாங். ஹாமில்டன் முன்னால் போய்க்கொண்டிருக்கும்போது 41ஆவது சுற்றில் எஞ்சின் எரிந்தது. அதற்குச் சற்று முன்புதான் ரிக்கியார்டோவும் வெர்ஸ்டாப்பனும், ஒரே அணி, வளைவுக்கு வளைவு பக்கத்தில் பக்கத்தில் போனார்கள். யாரும் தடுக்கவில்லை, யாரும் இடிக்கவில்லை. ரிக்கியார்டோ விட்டுக்கொடுக்காமல் நின்று பந்தயத்தை வென்றார். மல்ட்டி 21 போட்ட அதே ரெட் புல்தான், மூன்று வருடம் கழித்து அதே தடத்தில் அவர்களை விட்டுவிட்டது. அந்த வருடம் ரோஸ்பெர்க் 385, ஹாமில்டன் 380. எரிந்த அந்த எஞ்சின் எரியாமல் இருந்திருந்தால் பட்டம் வேறு கைக்குப் போயிருக்கும்.

கிராணிமகள் (பந்திங்):

பரிக்கெல்லோ விஷயத்தில் தம்பி பக்கம்தான் நான். அது மே மாதம், பட்டப் போட்டியே இன்னும் சூடேறவில்லை, அப்போதே ஒருவனைக் கும்பிடு போடவைத்தார்கள். சொல்லில் நியாயம் இல்லையென்றால் காப்பதில் பெருமை இல்லை.

ஆனால் இருவரையும் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2007 இருக்கிறது. மெக்லாரனில் அலோன்சோவும் ஹாமில்டனும். ஹங்கேரியில் தகுதிச் சுற்றில் அலோன்சோ பிட்டில் நின்றுகொண்டே ஹாமில்டனின் நேரத்தைத் தின்றார். வருடக் கடைசியில் அவர் 109, இவர் 109. ஃபெராரியின் ரைக்கோனன் 110, பட்டம் அவருக்கு. தோட்டத்தில் அண்ணன் தம்பி வரப்புக்கு அடித்துக்கொண்டால் நிலம் செட்டி கைக்குப் போகும் என்று எங்கள் பாட்டி சொல்வார்.

அதோடு, இரண்டு பேருக்கும் ஒரே வண்டி என்று எல்லோரும் பேசுகிறோம், அது எப்போதும் உண்மை இல்லை. 2020இல் மோட்டோஜிபி என்ற மோட்டார்சைக்கிள் பந்தயத்தில் நம் நாட்டு அணி, பெட்ரோனாஸ் யமஹா செப்பாங். குவார்ட்டராரோவுக்குப் புது மாதிரி வண்டி, மொர்பிடெல்லிக்குப் பழைய மாதிரி. ஆளுக்கு மூன்று பந்தயம் வென்றார்கள். வருடக் கடைசியில் பழைய வண்டிக்காரர் 158 புள்ளியோடு உலகத்தில் இரண்டாவது, புது வண்டிக்காரர் 127 புள்ளியோடு எட்டாவது. பழைய125 அண்ணனின் ஒரு வாரப் பழைய டயரைப் படித்ததும் எனக்கு மொர்பிடெல்லிதான் நினைவுக்கு வந்தார்.

பத்தாம்நிரை (பந்திங்):

யமஹா என்றதும், அதன் ஓட்டுநர்களாக இருந்த ரோஸ்ஸிக்கும் லொரென்சோவுக்கும் நடுவே நின்ற சுவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2008இல் ரோஸ்ஸிக்கு பிரிட்ஜ்ஸ்டோன் டயர், லொரென்சோவுக்கு மிஷ்லின், ரகசியம் போகக்கூடாது என்று கொட்டகைக்கு நடுவே தடுப்பு போட்டார்கள். அடுத்த வருடம் எல்லோருக்கும் ஒரே டயர் வந்துவிட்டது. தடுப்பு மட்டும் அப்படியே நின்றது. பாகம் பிரித்த வீட்டில் நடுவில் எழுப்புகிற சுவர் மாதிரி, காரணம் போனபின்னும் சுவர் போகாது. 2015 செப்பாங்கில் ரோஸ்ஸியும் ஹோண்டாவின் மார்க்கெஸும் மோதி மார்க்கெஸ் விழுந்ததைத்தான் எல்லோரும் பேசுகிறோம். அதில் லாபம் பார்த்தவர் பக்கத்துக் கொட்டகையில் இருந்தார். தண்டனையால் கடைசிப் பந்தயத்தில் ரோஸ்ஸி வரிசையின் கடைசியிலிருந்து கிளம்பினார், லொரென்சோ 330, ரோஸ்ஸி 325.

வெப்பரும் 2013 முடிந்ததும் ஃபார்முலா 1ஐ விட்டுவிட்டுப் போர்ஷேயில் நெடுநேரப் பந்தயத்துக்குப் போனார். அங்கே மூன்று பேருக்கு ஒரே வண்டி. ஒருவன் இறங்கினால்தான் இன்னொருவன் ஏறமுடியும், சில நேரம் அவன் தேய்த்த டயரிலேயே நீ ஓடவேண்டும். 2015இல் பெர்ன்ஹார்டு, ஹார்ட்லி இருவரோடும் சேர்ந்து உலகப் பட்டம் வாங்கினார். அணி என்ற சொல்லுக்கு அங்கேதான் முழு அர்த்தம் இருக்கிறது என்று நினைக்கிறேன், எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

ஈரடயர் தம்பி, பரிக்கெல்லோ விஷயத்தில் என் பேச்சைத் திருத்திக்கொள்கிறேன். சொல் நியாயமாகவும் இருக்கவேண்டும், இருவர் காதிலும் ஒன்றாக விழவும் வேண்டும். 2024 ஹங்கேரியில் நோரிஸ் வென்றுகொண்டிருந்த பந்தயத்தைக் கடைசி இரண்டு மூன்று சுற்று இருக்கும்போது பியாஸ்ட்ரிக்குத் திருப்பிக் கொடுத்தார், பியாஸ்ட்ரிக்கு அது முதல் வெற்றி. அடுத்த வருடம் மோன்சாவில் பியாஸ்ட்ரி நோரிஸுக்குத் திருப்பிக் கொடுத்தார். இருவருக்கும் வலித்தது, முகத்தில் தெரிந்தது. ஆனாலும் அபுதாபியில் கடைசி நாள்வரை ஒரே கொட்டகையில் உட்கார்ந்து பேசிக்கொண்டார்கள்.

பழைய125 (பந்திங்):

நேற்றிரவு இந்த இழையை அத்தை மகனுக்கு அனுப்பினேன். அனுப்பியபிறகு பயமாக இருந்தது. பதினொன்றரைக்குப் போன் வந்தது.

அவனிடமும் தவுக்கே பேசியிருக்கிறார். என்னிடம் பேசுவதற்கு முன்னால், தனியாக. கடைசிச் சுற்றில் உனக்கு இடம் கிடைத்தால் போ, அவன் டயர் பழசு, தாங்காது, விட்டால் பின்னால் வருகிறவன் இரண்டு பேரையும் பிடிப்பான் என்று. நான் சரி என்று தலையாட்டியது அவனுக்குத் தெரியாது. நான் அகலமாகப் போனதை டயர் வழுக்கியது என்று நினைத்திருக்கிறான். நான் நான்கு வருடம் வீட்டுக்கு வராததற்கு, தோற்றதைத் தாங்கமாட்டாமல் பொறாமைப்படுகிறான் என்று எண்ணியிருக்கிறான். தவுக்கே போய்ச் சேர்ந்து பல வருடமாகிவிட்டது, கேட்க ஆள் இல்லை.

ஒரு மணிவரை பேசினோம். இரண்டு பேரும் அந்த வளைவை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தோம், வாயால்தான்.

சீசன் தொடங்கியதும் மாமாக் கடைக்கு அவனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். ஏழு பேர் மேசை என்றாய், இன்னும் இரண்டு நாற்காலி போடச் சொல்.